விருந்தாடுகள்

முதல் வீட்டுக்காரி விடிந்ததிலிருந்து வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். கணக்கெடுப்பு நாளென்றால் அவளுக்கு எப்போதும் இப்படித்தான். தெருவில் எட்டு வீடுகள். முனையில் இருப்பது அவளுடையது. அதனால் பெற்றவர்கள் வைத்த பெயரை மறந்து எல்லோரும் அவளை முதல் வீட்டுக்காரி என்றே அழைத்தார்கள். அரசாங்க ஜீப் வந்தால் முதலில் அவள் வாசலில்தான் நிற்கும். ஆகையால் அந்தத் தெருவில் பயப்படுகிற வேலையைத் தொடங்கிவைக்கிற பொறுப்பும் அவளுடையதாகவே இருந்தது.

விஷயம் இதுதான். ஆடு வளர்க்கிற குடும்பங்களுக்கு அரசாங்கம் வருடா வருடம் தீவன மானியம் கொடுத்துவந்தது. ஆட்டின் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. வருடத்தில் ஒரு நாள் அதிகாரி வந்து கொட்டகையில் நிற்கிறதை எண்ணிவிட்டுப் போவார். எழுதிக் கொடுத்ததைவிட ஆடு குறைந்தால் அந்த வருடத்து மானியம் நிற்பதோடு போகாது. முன்பு வாங்கியதையும் திருப்பிக் கட்ட வேண்டும், வழக்கு வேறு. ஆனால் ஆடென்ன இரும்புப் பெட்டியா, வைத்த இடத்தில் வைத்தபடி இருப்பதற்கு? சாகும், காணாமல் போகும், அவசரத்துக்கு விற்றுப்போகும். அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் அது பெருகி நிற்க வேண்டுமாம்.

இதற்குத் தெரு கண்டுபிடித்த வைத்தியம்தான் விருந்தாடு. கணக்கெடுப்புக்கு முந்தின சாயங்காலம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு மூன்று ஆடுகள் முதல் வீட்டுக் கொட்டகைக்கு வந்து தங்கும். காலையில் அதிகாரி அங்கே எண்ணி முடித்துத் தின்பண்டத்தோடு டீ குடிக்கிற நேரத்தில், பின்பக்கச் சந்து வழியாக அந்த ஆடுகளை இரண்டாம் வீட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். அங்கே எண்ணி முடித்தால் மூன்றாம் வீடு. இப்படியே ஒரே ஆடு ஒரே நாளில் எட்டு வீட்டு ஆடாக வாழ்ந்துவிட்டு, கடைசியில் களைத்துப்போய்த் தன் வீட்டுக்குத் திரும்பும். ஆடுகளின் காதில் எண் போட்ட வில்லை மாட்டப் போகிறோம் என்று அரசாங்கமும் வருடா வருடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. வில்லை வந்தபாடில்லை.

விருந்தாடுகளை ஓட்டுகிற பொறுப்பு ஆடு வளர்ப்போர் சங்கத்தின் செயலாளருடையது. பேச்சில் தேன் ஒழுகும் என்பதால் அவருக்குச் சர்க்கரை என்று பெயர். மானியம் வந்ததும் வீட்டுக்கு வீடு அவருக்கு ஒரு பங்கு போகும். அந்தப் பங்கைப் பற்றிப் பேசும்போது மட்டும் தேன் கொஞ்சம் கெட்டியாகிவிடும்.

முதல் வீட்டுக்காரி எழுதிக் கொடுத்திருந்தது முப்பது ஆடுகள். நிஜத்தில் இருந்தவை பன்னிரண்டு. மற்றவற்றைப் போன வருடம் கணவனின் இடுப்பு ஆபரேஷனுக்காக விற்றாயிற்று. லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவன் இப்போது அதைத் தொட முடியாமல், வெளியூரில் ஒரு கிடங்குக்குக் காவல் இருக்கிறான். இந்த வருடத்து மானியத்தை நம்பித்தான் இருக்கிற பன்னிரண்டுக்கும் தீவனம் கடனாக வாங்கியிருந்தாள்.

போதாக்குறைக்கு அந்தப் பன்னிரண்டில் ஒன்று, வெள்ளைச்சி, முந்தாநாளிலிருந்து தீவனத்தைத் தொடவில்லை. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. காற்று மாறியிருக்கிறது, சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தனியாகக் கட்டலாமென்றால் விருந்தாடுகள் வந்து இறங்கியபின் கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. இரவு முழுக்க எல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, ஒரே தொட்டியில் வாயை வைத்துக்கொண்டு கிடந்தன.

ஜீப் வந்து நின்றபோது அதிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் வழக்கமான அதிகாரி. கொட்டகை வாசலில் நின்றபடியே எண்ணி முடித்து, டீ எங்கே என்று கண்ணால் தேடுகிற நல்ல மனிதர். இன்னொருவர் புதிது. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண், தோளில் ஐஸ் பெட்டி.

"இவங்க கால்நடை டாக்டர்மா. இந்த வருஷம் கூட வராங்க," என்றார் அதிகாரி, எனக்கும் இது பிடிக்கவில்லைதான் என்கிற குரலில்.

முதல் வீட்டுக்காரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வாங்க டாக்டரம்மா," என்று சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

டாக்டரம்மா கொட்டகைக்குள் இறங்கி, ஒவ்வொரு ஆட்டின் முதுகையும் தட்டித் தட்டி எண்ணினார். மூலையில் இருட்டில் தலையைத் தொங்கப்போட்டு நின்ற வெள்ளைச்சியின் முதுகையும் தட்டினார். முதல் வீட்டுக்காரி படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆடு திருடியவள் மாதிரி முழிக்கக் கூடாது, முழிக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதில் அச்சு அசல் அப்படியே முழித்தாள். முப்பது சரியாக இருந்தது. டாக்டரம்மா வெளியே வந்தார்.

முன்வாசலில் இரண்டு நாற்காலி போட்டு டீயும் பிஸ்கட்டும் வைத்தாள். பின்னால் சந்துப் பக்கம் சர்க்கரையின் விசில் மெல்லக் கேட்டது. படல் கதவு கிறீச்சிட்டது. ஒரு குட்டி, போகிற போக்கில், நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்திவிட்டுப் போனது.

"இன்னொரு டீ கிடைக்குமாம்மா?" என்றார் அதிகாரி உடனே. அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் பின்னால் சத்தம் அடங்குகிறவரை எந்த வீட்டிலும் அவர் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

டாக்டரம்மா டீயைத் தொடவில்லை. "நான் எதுக்கு வந்திருக்கேன்னு சொல்லிடறேன்மா. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்கொல்லி நோய் வந்திருக்கு. ஒரு கொட்டாய்ல நுழைஞ்சா பாதிக்கு மேல காலி. மூக்கு ஒழுகும், தீனி எடுக்காது, வாய்க்குள்ள புண்ணு வரும், அப்புறம் கழிச்சல். மூச்சுக் காத்துலயே ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குத் தொத்திடும். உங்க ஆட்டுல எதுக்காவது அப்படி இருக்கா?"

இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் டாக்டரம்மா எழுந்து திரும்பவும் கொட்டகைக்குள் போவார். உள்ளே இப்போது முப்பது இல்லை. பன்னிரண்டுதான்.

"இல்ல டாக்டரம்மா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"ராத்திரி எல்லாம் ஒண்ணாத்தான கட்டுவீங்க? வெளி ஆடு எதுவும் வந்து சேரலையே?"

"இல்லைங்க."

இரண்டு பொய். டாக்டரம்மா எழுந்து, "பின்னாடி கொஞ்சம் கை கழுவிக்கிறேன்," என்று ஓர் அடி வைத்ததுதான் தாமதம், "ஐயோ, நீங்க எதுக்கு, நான் கொண்டாறேன்!" என்று கத்தியேவிட்டாள். ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும்போது பாதி டாக்டரம்மாவின் கையிலும் பாதி அதிகாரியின் செருப்பிலும் போனது.

ஜீப் இரண்டாம் வீட்டுக்கு நகர்ந்ததும் அவள் கொட்டகைக்குள் ஓடினாள். வெள்ளைச்சி நின்ற இடத்திலேயே நின்றது. தாடையைப் பிடித்துத் தூக்கிக் கட்டைவிரலால் உதட்டைப் புரட்டிப் பார்த்தாள். ஈறு முழுக்கத் தவிடு ஒட்டினாற்போல வெளுத்த புண். உள்ளிருந்து அழுகல் நாற்றம் முகத்தில் அடித்தது. கீழே அதன் பின்னங்கால்கள் நனைந்திருந்தன.

நெடுநேரம் அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பன்னிரண்டு போனால் போகட்டும். இரவு முழுக்க இதனோடு மூச்சு விட்டுக்கொண்டு கிடந்த விருந்தாடுகள் இப்போது வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு கொட்டகையிலும் அரை மணி நேரம் நெருக்கியடித்து நின்றுவிட்டு அடுத்ததுக்குப் போகின்றன. தெருவில் ஒரு கொட்டகை மிஞ்சாமல் நோயைக் கையைப் பிடித்து அழைத்துப்போக இதைவிட நல்ல ஏற்பாடு யாராலும் செய்ய முடியாது. அந்த ஏற்பாடு அவள் கொட்டகையிலிருந்து புறப்பட்டிருக்கிறது.

கணவனுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. இரவுக் காவல் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பான். எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்பதும் அவளுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இரு என்பான். அவள் எழுந்து சந்துக்குள் ஓடினாள்.

சர்க்கரை மூன்றாம் வீட்டின் பின்னால் விருந்தாடுகளை மடக்கி நிறுத்தியிருந்தார். கையில் ஒரு குச்சி, வாயில் விசில்.

"அண்ணே, நிறுத்துங்கண்ணே. எங்க வெள்ளைச்சிக்கு ஆட்டுக்கொல்லி. வாயெல்லாம் புண்ணு. இதுங்க ராத்திரி பூரா அதோடதான் இருந்துச்சு."

சர்க்கரை குச்சியைக் கீழே இறக்கினார். ஒரு நிமிடம் அவர் முகத்திலும் பயம் வந்து போனதை அவள் பார்த்தாள். பிறகு சிரித்தார்.

"தங்கச்சி, வெயில் ஏறுது, நீ காலைல சாப்பிட்டிருக்க மாட்ட. போய் சாப்பிட்டுப் படு."

"நான் கண்ணால பார்த்தேன்ணே."

"நீ என்ன டாக்டரா? புண்ணுன்னா முள்ளு குத்தியிருக்கும். இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிருவோம். நாளைக்கு நானே டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வரேன், போதுமா?"

"நாளைக்கு எதுக்குண்ணே டாக்டரு? எட்டு கொட்டாய்லயும் பூந்துட்ட பிறகு?"

சர்க்கரையின் தேன் அப்படியே வற்றியது. கிட்டத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "இந்தா பாரும்மா. இப்ப நிறுத்தினா அஞ்சு வீட்டுல எண்ணிக்கை குறையும். அஞ்சு வீட்டுக்காரனும் போலீஸ் ஜீப்ல ஏறணும். அதுக்கு முன்னால நீ ஏறணும், ஏன்னா முப்பதுன்னு கைநாட்டு... கையெழுத்துப் போட்டவ நீ. உன் புருஷன் இருக்கற இருப்புக்குக் கோர்ட்டு வாசல்ல வந்து நிப்பானா? ஊருல ஒருத்தன் உன் வீட்டுத் தண்ணிய வாங்கிக் குடிப்பானா? யோசிச்சுக்க."

அவர் விசிலடித்தார். ஆடுகள் நான்காம் வீட்டை நோக்கி நகர்ந்தன. கடைசியில் போன ஒரு கருப்பு ஆடு தும்மியது. முதல் வீட்டுக்காரிக்கு அந்தத் தும்மல் மண்டைக்குள் இடித்தது. தூசிக்குத் தும்மியதோ எதற்குத் தும்மியதோ, யாருக்குத் தெரியும்?

அந்தக் கருப்பு ஆடு கடைசி வீட்டுடையது. கடைசி வீட்டில் இருந்தவள் அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. கணவனை இழந்து, பிறந்த தெருவுக்கே திரும்பி வந்து, ஆட்டை வைத்துத்தான் பிழைக்கிறாள். அப்பா போனபின் சொத்தைப் பிரித்ததில், முனை வீடு அண்ணனுக்கும் இடிந்த கடைசி வீடு தனக்கும் வந்ததை அவள் இன்றுவரை மறக்கவில்லை. வாய்ப்பேச்சு உண்டு, ஒட்டுதல் கிடையாது. ஆனாலும் முதல் வீட்டுக்காரியின் கால்கள் அங்கேதான் ஓடின. விருந்தாடு இன்னும் போய்ச் சேராத கொட்டகைகளில் அதுவும் ஒன்று.

நாத்தனார் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். இவள் மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவள் கையிலிருந்த துடைப்பம் நின்றது.

"உன் கொட்டாய்க்குள்ள அதுங்கள விடாதம்மா. உன் காலப் புடிச்சிக் கேக்கறேன். வீட்டுல நிக்கறதாவது பொழைக்கட்டும்."

"அண்ணி, கொஞ்சம் இருங்க. முந்தாநாளே மூக்கு ஒழுகுச்சுன்னா சொன்னீங்க?"

"சளின்னு நெனச்சேன்."

"சளின்னே வெச்சுக்குவோம். நேத்து சாயங்காலம் என் கருப்பியையும் அது குட்டிங்க ரெண்டையும் நானே கொண்டாந்து உங்க கொட்டாய்ல விட்டேனே. அப்ப ஏன் வாயத் தொறக்கல? சீக்காடு ஒண்ணு இருக்கு, உன்னுத அந்தப் பக்கம் கட்டுன்னு ஒரு வார்த்த?"

முதல் வீட்டுக்காரி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொல்லியிருந்தால் விருந்தாடு வராமல் போயிருக்கும். முப்பது முப்பதாக இருந்திருக்காது. அதை மனசுக்குள் முந்தின நாளே எங்கேயோ நினைத்துத்தான் சளி என்று பெயர் வைத்துக்கொண்டாளோ என்று இப்போது தோன்றியது. அந்த நினைப்பு நோயைவிடப் பயமாக இருந்தது.

"உங்களுக்கு எண்ணியாச்சு," என்றாள் நாத்தனார். துடைப்பத்தை மூலையில் எறிந்தாள். "உங்களுக்கு முப்பது முப்பதா நின்னுடுச்சு. இப்ப நான் விடக்கூடாதா? எனக்கு எண்ணிக்கை குறைஞ்சா யாரு வருவா? எங்கண்ணனா வருவான்? போங்கண்ணி. போயிடுங்க."

பின்சந்தில் நெடுநேரம் நின்றுவிட்டுத் தெருவுக்கு வந்தபோது ஜீப் ஐந்தாம் வீட்டு வாசலில் நின்றது. எண்ணி முடித்திருந்தார்கள், நாற்காலி வந்துவிட்டது, பிஸ்கட் வந்துகொண்டிருந்தது. இன்னும் சில நிமிடங்களில் ஆறாம் வீடு. முதல் வீட்டுக்காரி நடந்தாள். திரும்பிப் போய்விடலாம் என்று ஒவ்வோர் அடிக்கும் தோன்றியது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. நாலு நாள் கழித்து எல்லாக் கொட்டகையிலும் ஆடு விழும்போது அவளும் மற்றவர்களோடு சேர்ந்து மாரடித்துக்கொள்ளலாம். அந்த அழுகையில் தன் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அதன்பிறகு அவளால் நிற்க முடியவில்லை.

"டாக்டரம்மா, நான் பொய் சொல்லிட்டேன்."

ஒரு மூச்சில் கொட்டிவிட்டாள். பன்னிரண்டு, விருந்தாடு, பின்சந்து, வெள்ளைச்சியின் வாய்ப்புண், எல்லாம். அதிகாரியின் வாய்க்குப் போன பிஸ்கட் பாதி வழியில் நின்றது. ஐந்தாம் வீட்டுக்காரர் டீத் தட்டோடு சிலையானார்.

டாக்டரம்மா திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "முதுகத் தட்டினேனே, வாயப் பார்க்கலையே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொல்லிவிட்டு, ஐஸ் பெட்டியைத் தரையில் வைத்தார். "சரி. கேட்டுக்குங்க. நோய் உள்ள போயிருந்தா அந்த ஆட்டுக்கு இந்த ஊசி உதவாது. இன்னும் தொத்தாததுக்குப் போட்டாத்தான் காப்பாத்தும். என்கிட்ட இருக்கறதும் கொஞ்சம்தான். அதனால எந்த ஆடு ராத்திரி உங்க கொட்டாய்ல இருந்துச்சு, எந்தக் கொட்டாய்க்குள்ள எல்லாம் போச்சுன்னு எனக்குத் தெரியணும். அதுங்களத் தனியா பிரிச்சிடணும். மத்ததுக்கு ஊசி. இன்னிக்கே."

"மானியம்..." என்றாள் முதல் வீட்டுக்காரி.

"அது இவரு வேலை. பொய்க் கணக்குன்னா இவரு எழுதித்தான் ஆகணும். ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன்மா."

அதற்குள் தெரு கூடிவிட்டது. சர்க்கரை எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார், முகத்தில் வேண்டிய அளவு இரக்கத்தோடு. "டாக்டரம்மா, தப்பா நினைக்காதீங்க. புருஷனுக்கு ஆபரேஷன் ஆனதுலேர்ந்து இந்தப் பொண்ணுக்கு மனசு ஒரு நிலையில இல்ல. விருந்தாடாவது, வேண்டுதலாடாவது! அவங்கவங்க ஆடு அவங்கவங்க கொட்டாய்ல."

டாக்டரம்மா ஒவ்வொரு வீட்டுக்காரரையும் கேட்டார். எங்கள் வீட்டு ஆடு வெளியே போகவில்லை என்றார் இரண்டாம் வீட்டுக்காரர். எங்கள் கொட்டகைக்குள் எதுவும் வரவில்லை என்றாள் மூன்றாம் வீட்டம்மா. முதல் வீட்டுக்காரி ஐந்தாம் வீட்டுப் படலுக்குள் கையைக் காட்டி, "அந்தச் செவலை ரெண்டாம் வீட்டோடது. அந்தக் கொம்பு ஒடிஞ்சது ஏழாம் வீடு. அது கருப்பி, எங்க நாத்தனாருது," என்றாள். ஐந்தாம் வீட்டுக்காரர் தன் குழந்தைகள் மேல் சத்தியம் செய்து, அத்தனையும் தன் கொட்டகையில் பிறந்தவை என்றார். இரண்டாம் வீட்டுக்காரர் தன் செவலையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு இதைத் தெரியாது," என்றார். பயம் வந்தால் மனிதர்கள் எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறார்கள்! அவளும் காலையில் அப்படித்தான் சொன்னாள்.

கூட்டத்தின் ஓரத்தில் நாத்தனார் நின்றாள். டாக்டரம்மா அவளைக் கேட்டபோது அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. திரும்பித் தன் வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்துபோனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

"இந்தம்மா சொல்றத நான் நம்பறேன்," என்றார் டாக்டரம்மா. "ஆனா சொந்தக்காரங்க வாயால சொல்லாம, எந்த ஆட்டைன்னு நான் பிரிக்கறது? தப்பா பிரிச்சா நல்ல ஆட்டைக் கொண்டுபோய் சீக்காட்டோட கட்டினவளா ஆயிடுவேன்."

சர்க்கரை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆறாம் வீட்டுக்குப் போகலாமே என்கிற மாதிரி கையை நீட்டினார். அதிகாரியும் எழுந்தார்.

முதல் வீட்டுக்காரிக்கு அப்போது யோசனை என்று ஒன்று ஓடவில்லை. ஐந்தாம் வீட்டுப் படலின் குறுக்குக் கட்டையை இரண்டு கையாலும் உருவி எறிந்தாள். ஐந்தாம் வீட்டுக்காரர் "ஏய்! ஏய்!" என்று ஓடிவருவதற்குள் உள்ளே புகுந்து, கைதட்டி, இரைந்து, விருந்தாடுகளைத் தெருவுக்கு விரட்டினாள். ஐந்தாம் வீட்டுச் சொந்த ஆடுகள் தொட்டியை விட்டு அசையவில்லை. அவற்றுக்கு அது வீடு. வெளியே வந்தவை மட்டும் வெயிலில் ஒரு நொடி திகைத்து நின்றன.

நேற்று மாலையிலிருந்து அவை சொந்தத் தொட்டியைக் கண்ணால் பார்க்கவில்லை. கொம்பு ஒடிந்தது முதலில் தலையைத் தூக்கியது. ஏழாம் வீட்டை நோக்கி ஓட ஆரம்பித்தது. செவலை எதிர்த் திசையில் இரண்டாம் வீட்டுக்கு. பிறகு எல்லாமே பிரிந்தன. அதற்கு முன்னாலேயே மனிதர்கள் ஓடினார்கள். அவரவர் வீட்டுக்கு ஓடி, அவரவர் ஆட்டுக்கு முன்னால் நுழைந்து, அவரவர் படலை இழுத்துச் சாத்தினார்கள். டபார் டபாரென்று தெரு முழுக்கக் கதவடைக்கிற சத்தம்.

ஆடுகளுக்குப் புரியவில்லை. மூடிய கதவுகளின் முன்னால் நின்று கத்தின. செவலை படலை முட்டியது. முட்டி, பின்வாங்கி, மறுபடி முட்டியது. கொம்பு ஒடிந்தது ஏழாம் வீட்டு இடுக்கில் மூக்கை நுழைத்து உள்ளே யாரையோ கூப்பிட்டது. ஒவ்வொரு வாசலிலும் இரண்டும் மூன்றுமாக நின்று, என்னை உனக்குத் தெரியவில்லையா என்று கேட்கிற மாதிரி கத்தின. டாக்டரம்மா நடுத்தெருவில் நின்று ஒவ்வொரு வாசலாகப் பார்த்தார். இனி யாரும் வாயால் சொல்லத் தேவையில்லை. சர்க்கரையை அந்தப் பக்கம் காணவில்லை.

முதல் வீட்டுக்காரி கடைசி வீட்டைப் பார்த்தாள். அங்கே கருப்பி தன் இரண்டு குட்டிகளோடு நின்று, கதவை முன்னங்காலால் பிறாண்டிக்கொண்டிருந்தது. அதன் கத்தலில் ஒரு கரகரப்பு. உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. தான் செய்தது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டுக் குடும்பங்களை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது.

தாழ்ப்பாள் நகர்ந்தது. நாத்தனார் வெளியே வந்து, கருப்பியை உள்ளே விடாமல் காலால் மறித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் கண்ணீர்.

"நீங்க நல்லா இருப்பீங்களா அண்ணி?" என்று கத்தினாள். "எங்க வயித்துல அடிச்சிட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?" கத்திவிட்டு அதே மூச்சில் டாக்டரம்மாவைப் பார்த்து, "இது மூணும் என்னுது. ராத்திரி அங்கதான் இருந்துச்சு. உள்ள நிக்கற மத்தது எதுவும் வெளிய போகல. அதுங்களுக்கு ஊசி போடுங்க," என்றாள்.

டாக்டரம்மா ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். படலுக்கு வெளியே பூட்ஸையும் கையையும் மருந்துத் தண்ணீரில் கழுவிக்கொண்டார். முதல் வீட்டுக்காரியும் ஆட்டைப் பிடித்துக் கொடுக்கலாம் என்று பின்னாலேயே போனாள். டாக்டரம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க கிட்ட வராதீங்க. உங்க துணியிலயே நோய் இருக்கும். வேற எந்தக் கொட்டாய்லயும் கால் வைக்காதீங்க."

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். உள்ளே நாத்தனார் ஆடுகளை ஒவ்வொன்றாகப் பிடிக்க, டாக்டரம்மா ஊசி போடுவது படல் இடுக்கில் தெரிந்தது. மற்ற கதவுகள் இன்னும் மூடித்தான் இருந்தன. இரண்டாம் வீட்டுப் படலுக்குப் பின்னால் கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாரி ஜீப்பில் ஏறி உட்கார்ந்து எதையோ எழுத ஆரம்பித்திருந்தார். முதல் பெயர் யாருடையது என்று அவள் கேட்க வேண்டியதில்லை.

கருப்பி அவள் பக்கத்தில் வந்து நின்றது. குட்டிகளும் வந்தன. மூக்கு ஈரமாக இருந்தது. அது வெறும் ஈரமா, மற்றதா என்று குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வெயில் சுட்டது.

"அண்ணி!"

நாத்தனார் படலுக்கு மேல் தலையை நீட்டினாள். கையில் இன்னும் ஒரு ஆட்டின் காது இருந்தது. அவள் இவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, ஆட்டைத்தான் பார்த்தாள்.

"அந்த மூணையும் உங்க கொட்டாய்லயே கட்டுங்க. வெயில்ல நிக்க வெக்காதீங்க." திரும்பியவள் மறுபடி தலையை நீட்டினாள். "கருப்பி வெறும் தண்ணி குடிக்காது. ஒரு பிடி தவிடு போட்டு வைங்க."